உங்களுக்குத் தெரியுமா? மூன்று விடுதலை கேட்ட தலைமுறை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஆயர் ஈத்தாம் சந்தையிலிருந்து கெக் லோக் சி கோயில் அடிவாரம் வரை கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் கொடி பறக்கும். துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கியது எந்த ஆண்டு, எந்த அரங்கில் என்று கேட்டால் பள்ளிப்பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அந்த முழக்கத்தைக் கேட்ட சாதாரண சனங்கள் மறுநாள் என்ன செய்தார்கள், மறு ஆண்டு என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் பெரியவர்களுக்கும் பதில் தெரிவதில்லை. இந்தத் துணுக்குகள் அவர்களைப் பற்றியவை.

★ மலாயாத் தமிழர்கள் 14 ஆண்டுகளுக்குள் மூன்று விடுதலைப் பிரகடனங்களைக் கேட்டவர்கள். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூர் கேத்தே அரங்கில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா விடுதலை பெற்றது. 1957 ஆகஸ்ட் 31 அன்று மலாயா விடுதலை பெற்றது. 1930-இல் பினாங்கில் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை முதல் அறிவிப்பைப் 13 வயதிலும் மூன்றாவதை 27 வயதிலும் கேட்டிருக்கும். முதல் இரண்டும் அப்பா விட்டு வந்த மண்ணுக்கு. மூன்றாவது, தான் காலூன்றி நின்ற மண்ணுக்கு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

★ நேதாஜியின் கூட்டத்துக்குப் போன கோலாலம்பூர்ப் பெண் ஜானகி, அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். பிறகு நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஜானகி ஆதி நாகப்பன் என்று நாம் அறிந்தவர் இவர்தான். இந்திய விடுதலைக்காக ஆயுதம் எடுத்த இவர், பின்னாளில் மலேசிய மேலவையில் செனட்டராக அமர்ந்தார். அவருடைய படையில் இருந்த பெண்களில் பலர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தறியாதவர்களும் அவர்களில் உண்டு.

★ பினாங்கில் அன்று 'சுவராஜ் இன்ஸ்டிடியூட்' என்ற, இந்திய விடுதலைப் போராளிகளுக்கான பயிற்சிக்கூடம் இருந்தது. அங்கே பயிற்சி பெற்ற வக்கம் அப்துல் காதர், 1942 செப்டம்பரில் இங்கிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். கரையேறியதும் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் அவரும் தோழர்கள் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். கேரளத்தின் வக்கம் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி மலாயா வந்த இளைஞர் அவர். பினாங்கின் விடுதலைக் கதையில் அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

★ 1947 அக்டோபர் 20 அன்று மலாயா முழுவதும் கடைகள் அடைத்துக் கிடந்தன. புதிய கூட்டரசின் அரசியலமைப்பை மக்களைக் கேட்காமல் வகுக்கிறார்கள் என்பதற்காக நடந்த கடையடைப்பு அது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து மக்கள் அரசியலமைப்பு முன்மொழிவுகள் என்ற ஆவணத்தையே எழுதி முன்வைத்தன. விடுதலைக்குப் பத்து ஆண்டுகள் முன்பே, எங்களையும் கேளுங்கள் என்று கடைக்காரரும் கூலித் தொழிலாளியும் சொல்லிவிட்டார்கள்.

★ நம் கொடியைத் தேர்ந்தெடுத்ததில் பத்திரிகை வாசகர்களுக்கும் பங்கு உண்டு. 1949-இல் நடந்த போட்டிக்கு 373 வடிவங்கள் வந்தன. கடைசிச் சுற்றில் நின்ற மூன்றையும் 'மலாய் மெயில்' வெளியிட்டு, வாசகர்களிடம் வாக்குக் கேட்டது. வென்ற வடிவம் ஜொகூர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த முகமட் ஹம்சாவுடையது.

★ நாட்டுப்பண்ணுக்கு உலகளாவிய போட்டி வைத்து 514 பாடல்கள் குவிந்தும் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் பேராக் மாநிலத்துப் பண்ணின் மெட்டையே எடுத்துக்கொண்டார்கள்.

★ 1956 தொடக்கத்தில் துங்குவின் குழு விடுதலைப் பேச்சுக்காக லண்டன் போவதற்குப் பணம் தேவைப்பட்டது. கட்சித் தொண்டர்கள் வசூல் செய்தார்கள். மலாய்ப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜானகியின் நகை, இந்தப் பெண்களின் நகை என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மண்ணில் இரண்டு நாடுகளின் விடுதலைக்குப் பெண்களின் தங்கம் போயிருக்கிறது. பிப்ரவரி 8 அன்று லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே மாதம் 20 அன்று மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் துங்கு விடுதலை நாளை அறிவித்தார்.

★ பினாங்கு எல்லாரோடும் சேர்ந்து குதூகலித்தது என்று நினைத்தால் அது முழு உண்மை ஆகாது. மலாயாவோடு இருக்கவே வேண்டாம் என்று பினாங்கில் ஓர் இயக்கமே நடந்தது.

1948 டிசம்பரில் பிரிவினைக் குழு அமைந்தது. முன்னே நின்றவர்கள் வணிகர் சங்கத்தாரும் நீரிணைச் சீனர்களும். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய காலம் முதல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம். கூட்டரசில் நீடித்தால் அந்தச் சலுகை போய்விடும், கோலாலம்பூர் சொல்கிறபடி ஆடவேண்டிவரும், சிங்கப்பூரோடு இருந்த பழைய உறவும் அறுந்துவிடும் என்று அஞ்சினார்கள். 1949 பிப்ரவரியில் செட்டில்மெண்ட் கவுன்சிலில் தீர்மானம் வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 15. லண்டனுக்கு மனு போனது, அங்கும் எடுபடவில்லை.

அவர்களைத் துரோகிகள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எனக்கு ஒப்பாது. வயிற்றுப்பாட்டுக்கு அஞ்சியவர்கள் அவர்கள். துறைமுகத்தை நம்பித்தான் மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைத்தெருவும் செட்டியார் கிட்டங்கிகளும் மூட்டை தூக்கும் தமிழரும் பிழைத்தார்கள். அந்த அச்சம் எவ்வளவு தூரம் பலித்தது என்பது கீழே வருகிறது.

★ போருக்குப் பிந்தைய மலாயாவின் முதல் தேர்தல் நடந்த ஊர் ஜார்ஜ் டவுன். 1951 டிசம்பர் 1 அன்று நகராட்சியின் ஒன்பது இடங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். நாடு தழுவிய முதல் தேர்தல் அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1955 ஜூலை 27 அன்றுதான் நடந்தது. அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. நாட்டில் வாழ்ந்தவர்களிலோ நூற்றுக்குப் பதினோரு பேர் இந்தியர். மிச்சப் பேர் ஏன் பட்டியலில் இல்லை என்றால், குடியுரிமை இல்லை.

★ அரசியலமைப்பை எழுத வந்த ரீட் ஆணையத்துக்கு 131 மனுக்கள் போயின. அமைப்புகள் மட்டும் அல்ல, தனி ஆட்களும் எழுதினார்கள். ஐந்து உறுப்பினர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த நீதிபதி பி. மாலிக், இன்னொருவர் பாகிஸ்தானிலிருந்து வந்த நீதிபதி அப்துல் ஹமீது. மலாயாவைச் சேர்ந்தவர் ஒருவரும் அதில் இல்லை.

★ 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவு. கோலாலம்பூர் திடலில் இரண்டு நிமிடம் விளக்குகளை அணைத்தார்கள். விளக்கு திரும்ப எரிந்தபோது யூனியன் ஜாக் இறங்கிப் புதுக்கொடி ஏறியது. காலையில் மழை பிடித்துக்கொண்டதால் மெர்டேக்கா அரங்க விழா தாமதமாகத் தொடங்கியது. ஏறத்தாழ 20,000 பேர் நனைந்த அரங்கில் காத்திருந்தார்கள். ஓராண்டுக்கு முன் அந்த அரங்கே கிடையாது. கட்டுமானம் தொடங்கியதே 1956 செப்டம்பரில்தான்.

★ அன்று வெளிவந்த 10 காசு தபால்தலையில் துங்கு மட்டும் இல்லை. அவரோடு விடுதலையை வரவேற்கும் மக்கள் கூட்டமும் இருக்கிறது. தாத்தாவின் பழைய கடிதக் கட்டு வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள்.

★ மலாயாவின் விடுதலைப் பிரகடனத்தில் மலாய் மாநிலங்களோடு பினாங்கு, மலாக்கா பெயர்களும் தனியே வருகின்றன. மற்ற ஒன்பதும் மலாய் ஆட்சியாளர்களின் நாடுகள்; இவை இரண்டும் பிரிட்டிஷ் ராணியின் நேரடி ஆட்சியில் இருந்த மண். அதனால் பினாங்குக்குச் சுல்தான் இல்லை, ஆளுநர்தான். முதல் ஆளுநர் ராஜா துன் ஊடா. முதல் முதலமைச்சர் வோங் பாவ் நீ, புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர்.

★ இந்தப் பகுதியின் மையம் அடுத்த துணுக்குதான். நிதானமாகப் படியுங்கள்.

விடுதலை நாளில் நாட்டில் சுமார் ஏழு லட்சம் இந்தியர் இருந்தார்கள். அவர்களுக்கு "மெர்டேக்கா" என்ற முழக்கம் மறுநாள் ஒரு விண்ணப்பத் தாளாக வந்து சேர்ந்தது. 1957 ஆகஸ்ட் 31 அன்றும் அதற்குப் பிறகும் இந்த மண்ணில் பிறந்த குழந்தை தானாகவே குடிமகன். அதற்கு முன் பிறந்து, ஏற்கெனவே குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த வசதி கிடையாது. இங்கே பிறந்தவர் என்றால் 18 வயது நிரம்பி, கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்து வந்தவர் என்றால் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். ஓரளவு மலாய் பேசத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே பிறந்தவர்களுக்கும் 45 வயது கடந்தவர்களுக்கும் மட்டும் ஒரு சலுகை: ஓராண்டுக்குள் மனுப்போட்டால் மொழித் தேர்வு இல்லை. 1958 ஆகஸ்டோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது.

லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். வேறு நாட்டுக்கு விசுவாசம் இல்லை என்று உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட்டார்கள், கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரலை உருட்டினார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்குப் பெருவிரல் மை புதிதல்ல. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசர காலம் தொடங்கிய 1948-இலேயே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் எல்லாருக்கும் புகைப்படமும் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கொடுத்துவிட்டார்கள். ஆயர் ஈத்தாமில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, தன் அப்பாவின் அந்த அட்டையை பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். மடிப்பில் காகிதம் இற்றுப்போய், ஒட்டுப்போட்ட இடத்தில் பெயரின் நடு எழுத்துகள் மறைந்திருந்தன. ரேகை மட்டும் கறுப்பாக, கோடு கோடாக, நேற்று வைத்ததுபோல் இருந்தது. ரப்பர்ப் பால் பட்டுப்பட்டுத் தேய்ந்த விரல் அது என்று அந்தப் பாட்டி காட்டினார். நடுவில் ரேகையே விழாத ஓர் இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

மனுப்போடாதவர்களும் நிறைய. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன், மனம் கொதிக்கும். பிறப்புச் சான்று இல்லாதவர், தோட்டத்துக் கிராணியைத் தாண்டி எந்த ஆபீஸ் படியும் ஏறியறியாதவர், ஊரில் இருக்கும் காணி நிலத்தை நம்பியவர், இந்தியக் குடியுரிமையை விட்டுக்கொடுக்க மனம் வராதவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. இன்னும் ஐந்து வருஷத்தில் ஊருக்குப் போய்விடலாம் என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தவர்களைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள்.

★ அந்த நினைப்பைச் சுமந்து வந்த கப்பலுக்குப் பெயர் ரஜூலா. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. அது கரையில் நிற்கும்வரை, திரும்பிப் போகும் வழி திறந்தே இருப்பதாகத்தான் தோன்றும்.

★ ஆயர் ஈத்தாமில் பிறந்தவரும் கூலிமில் பிறந்தவரும் 1957-க்கு முன் ஒரே தரத்தவர் அல்லர். பினாங்கு ராணியின் மண். எனவே இங்கே பிறந்த தமிழர், சீனர், மலாய்க்காரர் அனைவரும் 'ஐக்கிய முடியாட்சி, குடியேற்றங்களின் குடிமக்கள்'. கூலிம் கெடா சுல்தானின் நாட்டில் இருந்ததால் அங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர் மட்டுமே. அண்ணனுக்கு ஒரு சட்டம், சித்தப்பா மகனுக்கு ஒரு சட்டம்.

விடுதலையின்போது பினாங்கு, மலாக்காக்காரர்களிடமிருந்து அந்தப் பழைய பிரிட்டிஷ் தகுதியைப் பிடுங்கவில்லை. மலாயாக் குடியுரிமையோடு அதுவும் சட்டப் புத்தகத்தில் ஓர் ஓரமாகக் கிடந்தது. 1983-இல் அதற்கு 'பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்' என்று பெயர் மாறியது. அந்தப் பெயரில் பிரிட்டனில் குடியேறும் உரிமை இல்லை. இது தெரியாமலும், தரகர்களின் பேச்சை நம்பியும், 2000-க்குப் பிறகு பல மலேசியர்கள் தங்கள் மலேசியக் குடியுரிமையைத் துறந்தார்கள். பிரிட்டன் அவர்களைக் குடிமக்களாக ஏற்கவில்லை. மலேசியா திரும்பச் சேர்க்கவில்லை. நாடற்றவர்களாக லண்டனில் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது தாத்தா பினாங்கில் பிறந்தவர் என்று சொல்லிக்கொண்டு இப்படி ஒரு யோசனையோடு வந்தால், நல்ல வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

★ இதே கேள்வியை இலங்கை வேறு விதமாகக் கையாண்டது. 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தமிழர் சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். தேயிலை பறித்து அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த கைகள் அவை. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. எஞ்சியவர்களுக்கு வழி செய்த சட்டம் வர 2003 ஆனது. மலாயா 1957-இல் திறந்த கதவு குறுகலானது, அவகாசமும் குறைவு. ஆனாலும் கதவு என்று ஒன்று இருந்தது. நம் குறைகளைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

★ புதுச்சேரித் தமிழருக்கும் தேர்ந்தெடுக்கச் சொல்லி அவகாசம் கொடுத்தார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் முழுமையானதும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியில் வாக்களிக்கிறார்கள்.

★ 1947 ஆகஸ்ட் 15-ஐத் தமிழ்நாடு ஒரே மனத்தோடு வரவேற்கவில்லை. பெரியார் அதைத் துக்க நாள் என்றார். அவருடைய தளபதியாக இருந்த அண்ணா அதை மறுத்து வெளிப்படையாக எழுதினார். அன்று நள்ளிரவு சென்னை வானொலியில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாடலைப் பாடினார். விடுதலைக்காக உழைத்த காந்தியோ டெல்லியில் இல்லை. கலவரம் எரிந்த கல்கத்தாவில் உண்ணாநோன்பிலும் நூற்பிலும் அந்த நாளைக் கழித்தார்.

★ பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஆயர் ஈத்தாமில் ராஜாஜி. குளுகோரில் சுப்பிரமணிய பாரதி. நகருக்குள் ஆசாத். இந்த நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் வாசலில் அந்த நாட்டு விடுதலைப் போரின் பெயர்கள் நிற்கின்றன. அந்த வாசலுக்குள் நின்றுதான் பிள்ளைகள் காலையில் நாட்டுப்பண் நெகாராகூ பாடுகிறார்கள். இதில் எனக்கு முரண்பாடு தெரிவதில்லை, பெருமைதான் தெரிகிறது.

★ விடுதலை நெருங்கியதும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டு போட்ட தோட்டத்தில் லயமும் போனது, வேலையும் போனது. இதற்குத் தோட்டத் தொழிலாளிகள் கொடுத்த பதில், என் மதிப்பில், மலாயாத் தமிழர் வரலாற்றின் மிகச் சிறந்த செயல்களில் ஒன்று. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று பால்வெட்டுத் தொழிலாளிகள் கட்டினார்கள். அந்தக் காசில் 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நேற்றுவரை காலைப் பெயர்ப்பதிவான பிரட்டில் பேர் கொடுத்து நின்றவர், இன்று அந்தத் தோட்டத்தின் பங்குதாரர்.

★ ஜார்ஜ் டவுன் மாநகராட்சிக்குத் தமிழர் ஒருவர் மேயராக இருந்தார். 1957 ஜனவரி 1 அன்று, விடுதலைக்கு எட்டு மாதம் முன்பே, எலிசபெத் ராணியின் சாசனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரானது. அடுத்த ஆண்டே தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன் மேயராகி 1961 வரை இருந்தார். பழைய ஸ்காட் ரோடு இன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்த மாநகராட்சி கட்டியதுதான் 1962-இல் நிறைவடைந்த ஆயர் ஈத்தாம் அணை. காலையில் எத்தனையோ பேர் நடைப்பயிற்சிக்கு ஏறுகிறோம். இது மக்கள் வாக்களித்து அமர்த்திய சபை கட்டிய அணை என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

அந்த வாக்கு பிறகு பறிபோனது. 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1966-இல் மாநகராட்சியின் அதிகாரம் மாநில அரசின் கைக்குப் போனது. மீண்டும் தேர்தல் நடத்தப் பினாங்கு எடுத்த முயற்சியை 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளியது. நாட்டிலேயே முதலில் வாக்குப் பெட்டியைப் பார்த்த ஊருக்கு இன்றுவரை தன் நகராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை திரும்பவில்லை.

★ கொடி மாறியபின் பத்து ஆண்டுகள் நம் சட்டைப்பையில் பழைய பணமே இருந்தது. 1953-இல் வந்த நீல நிற ஒரு வெள்ளி நோட்டில் இளவயது எலிசபெத் ராணியின் முகம். 1959-இல் வந்த நோட்டில் ராணி போய்ப் பாய்மரப் படகு வந்தது. ஆனால் இரண்டையும் வெளியிட்டது மலாயா–பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியம்தான். பேங்க் நெகாராவின் சொந்த நோட்டு 1967 ஜூன் 12 அன்றுதான் வந்தது. பழையதும் புதியதும் ஒன்றுக்கு ஒன்று என்று சேர்ந்தே புழங்கின.

ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. புது வெள்ளி அசையவில்லை. பவுண்டோடு கட்டுண்டிருந்த பழைய வெள்ளி விழுந்தது. ஒரு வெள்ளி நோட்டுக்குக் கடைக்காரர் 85 காசுதான் தருவேன் என்றார். வங்கிக் கணக்கு வைத்திருந்தவருக்கு இதில் பெரிய அடி இல்லை. அரிசிப் பானையிலும் தலையணைக்குள்ளும் பழைய நோட்டைச் சேர்த்து வைத்தவருக்குத்தான் அடி: சந்தையில் காய் விற்றவர், மூட்டை தூக்கியவர், பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்தவர். நூறு வெள்ளி சேர்த்த தாய்க்குப் பதினைந்து வெள்ளி ஒரே இரவில் காணாமல் போனது.

நவம்பர் 24 அன்று பினாங்கில் தொழிற்கட்சி கடையடைப்புக்கு அழைத்தது. கடைகள் மூடின. பின்பு அது கலவரமாகி, உயிர்கள் போயின, ஊரடங்கு போட்டார்கள். 1947-இல் ஒற்றுமையாகக் கடையடைத்த அதே மக்கள், இருபது ஆண்டில் ஒருவரை ஒருவர் பார்த்து அஞ்சும் நிலைக்கு வந்தார்கள். பினாங்கு வரலாற்றில் நான் மிகவும் வருந்தும் பக்கம் இது.

★ 1949-இல் வணிகர்கள் அஞ்சியது 1969-இல் நடந்தது. தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதி நீங்கியது. துறைமுக வேலை சுருங்கியது, ஊரில் வேலையின்மை பெருகியது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தபிறகுதான் பினாங்கு மூச்சு விட்டது.

★ அதே 1969-இல் இன்னோர் அடி. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தலைமுறையாகப் பால் வெட்டியவர், தான் வெட்டிய மரத்தை வெட்ட அனுமதி கேட்டு நின்றார். அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் சுமார் 60,000 இந்தியர் கப்பலேறினார்கள். 1957-இல் நிரப்பாமல் விட்ட தாளுக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கொடுத்த விலை அது. போனவர்களில் பலருக்கு நாகப்பட்டினத்தில் இறங்கியபின் போக ஒரு வீடு இல்லை.

★ பிறந்தாலே குடியுரிமை என்ற 1957-ஆம் ஆண்டு விதி ஐந்தே ஆண்டு நீடித்தது. 1962-இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். அதன்பின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்தான் இங்கே பிறந்த குழந்தைக்குத் தானாகக் குடியுரிமை என்று ஆக்கினார்கள். தாத்தா மனுப்போடாத குடும்பத்தில், பெற்றோர் திருமணத்தைப் பதியாமல் விட்டால், பிறப்புச் சான்று எடுக்காமல் விட்டால், பேரப்பிள்ளை பள்ளியில் சேரும்போது சிக்கல் வெளியே வருகிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

★ 2018-இல் அரசாங்கம் ஓர் எண்ணிக்கையை வெளியிட்டது: 3,407. அறுபது வயது கடந்தும், குடிமக்கள் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த இந்தியர்களின் எண்ணிக்கை அது. அவர்களுக்குக் குடியுரிமை வழங்குவோம் என்று அறிவித்தார்கள். 2018-இல் அறுபது கடந்தவர் என்றால், ஏறக்குறைய அனைவருமே 1957 ஆகஸ்ட் 31-க்கு முன் பிறந்தவர்கள். துங்குவின் முழக்கம் கேட்டபோது தொட்டிலில் கிடந்தவர்களும் அம்மாவின் இடுப்பில் இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பதினெட்டு நிரம்பாததால் தாங்களே மனுப்போடவும் முடியாதவர்கள். அறுபது ஆண்டுகள் இந்த நாட்டில் உழைத்து, வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்து, ஒரு தேர்தலில்கூட வாக்களிக்காதவர்கள். அந்த 3,407 பேருக்கு வெளியிலும், பத்திரம் கைக்கு வராமல், தேசியப் பதிவிலாகாவின் பதிலுக்குக் காத்திருக்கும் முதியவர்கள் இன்னும் நம் பேட்டைகளில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சிவப்பு அட்டை வைத்திருக்கும் பாட்டி, தாத்தா இருந்தால், இந்த மாதமே பிறப்புச் சான்று, பழைய பள்ளிப் பதிவு, தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலின் நகல் என்று கிடைப்பதையெல்லாம் திரட்டி, பதிவிலாகாவுக்கு அழைத்துப் போங்கள். பாரம் நிரப்ப எழுதப்படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் கூடவே இருக்கட்டும்.